ஆய்வு முடியும்போது யார், எதை, எப்போது முடிவெடுப்பார்? குமரி மாவட்டத்தில் கொள்கை ஆய்வு செய்யப்போகும் மாணவர்களுக்கு

கேள்வி இது: "நாங்கள் நான்கு பேர். பொதுக்கொள்கை முதுகலை இரண்டாமாண்டு. இந்த செமஸ்டரில் 16 வாரத்துக்குள் ஒரு கிளையண்டுக்கு ஆய்வு செய்து கொடுக்க வேண்டும். குமரி மாவட்டத்தில் மீன் விற்கும் பெண்களோடு வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனமும் ஒரு நகராட்சியும் சேர்ந்து, 'இந்தப் பெண்களின் பிரச்சினைகளை ஆய்வு செய்து தாருங்கள்' என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? எத்தனை பேரைக் கேட்பது? அறிக்கை அலமாரியில் தூங்காமல் இருக்க என்ன செய்வது?"

"பிரச்சினைகளை ஆய்வு செய்து தாருங்கள்" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. பிரச்சினைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. குளச்சல் பேருந்து நிலையத்தில் கூடையோடு நிற்கும் எந்த அம்மாவிடம் பேசினாலும் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்: பஸ்ஸில் ஏற்றுவதில்லை, சந்தையில் நிழல் இல்லை, கழிப்பறை இல்லை, தீர்வை (சந்தையில் உட்கார்ந்து விற்கக் கட்டும் கட்டணம்) அதிகம், வட்டி கழுத்தை நெரிக்கிறது. 2021 டிசம்பரில் அதே பேருந்து நிலையத்தில் மீன் விற்றுவிட்டு வந்த முதியவர் ஒருவரை வாடை அடிக்கிறது என்று இறக்கிவிட்டது மாநிலம் முழுக்கப் பேசப்பட்ட செய்தி. அந்தப் பட்டியலையே மறுபடி வரைபடமாகப் போட்டு 80 பக்கத்தில் கொடுத்தால், அந்தப் பெண்களின் நேரத்தை வீணாக்கியதுதான் மிச்சம்.

ஆகவே முதல் இரண்டு வாரமும் ஒரே வேலைதான்: யார், எந்தத் தேதிக்குள், எதை முடிவெடுக்கப் போகிறார் என்று கண்டுபிடிப்பது. நகராட்சியில் ஆணையரைப் பார்க்கும்போது "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். "எங்கள் அறிக்கை வந்த மறுநாள் எந்தக் கோப்பைத் திறப்பீர்கள்?" என்று கேளுங்கள். புதுச் சந்தைக் கட்டடத்துக்கு முன்மொழிவு அனுப்பவேண்டும் என்று அவர் சொல்லலாம். தொண்டு நிறுவனம் பேருந்துக்காக மனு கொடுக்கவே தரவு கேட்கிறது என்று அதன் பிறகுதான் தெரியவரும். இவை இரண்டு வெவ்வேறு ஆய்வுகள். பேருந்து அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கையில் இருக்கிறது. உங்கள் கிளையண்ட் இருவருக்குமே அதில் அதிகாரம் இல்லை.

இன்னொரு சிக்கல், அந்தப் பெண்களின் ஒரு நாள் பல உள்ளாட்சிகளைத் தாண்டிப் போகிறது. மீனை ஏலத்தில் எடுப்பது குளச்சல் நகராட்சியில். விற்பது கருங்கல் பேரூராட்சியிலோ, திங்கள்நகர் பேரூராட்சியிலோ, பத்மநாபபுரம் நகராட்சிக்குள் இருக்கும் தக்கலையிலோ, குழித்துறை நகராட்சிக்குள் இருக்கும் மார்த்தாண்டத்திலோ. ஒரு நகராட்சியை மட்டும் கிளையண்டாக வைத்துக்கொண்டு மற்ற நான்கு இடத்துச் சந்தைக்குப் பரிந்துரை எழுதினால் அதைச் செய்ய ஆள் இல்லை. எனவே கேள்வியைச் சுருக்குங்கள். இப்படி: "குளச்சலில் ஏலம் எடுக்கும் பெண்களுக்கு ஒரு நாள் மிச்சத்தைக் கூட்ட, நகராட்சி தன் அதிகாரத்துக்கும் தன் பணத்துக்கும் உட்பட்டு அடுத்த நிதியாண்டில் முதலில் எதைச் செய்யலாம்?" இதற்குப் பதில் சொன்னால் போதும். பேருந்துக்குத் தனியாக ஒரு பக்கக் கடிதம் எழுதிக்கொள்ளலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

தேதியும் முக்கியம். பல உள்ளாட்சிகளில் சந்தைத் தீர்வை வசூலிக்கும் உரிமையை நிதியாண்டுக் கணக்கில் குத்தகைக்கு ஏலம் விடுகிறார்கள். ஏலம் முடிந்த பிறகு ஏப்ரலில் போய் "தீர்வையைக் குறையுங்கள்" என்றால், குத்தகைக் காலம் முடியட்டும் என்று சொல்லிவிடுவார்கள். அதே கோரிக்கை பிப்ரவரியில் போனால் ஏல நிபந்தனையிலேயே ஏறும். மாநில பட்ஜெட்டும் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில்தான்; துறைகள் புதுச் செலவுக்கான முன்மொழிவை அதற்குச் சில மாதம் முன்னரே அனுப்பிவிடும். தேர்தல் வரும் ஆண்டு என்றால் நடத்தை விதி அமலான நாளிலிருந்து புது அறிவிப்பு எதுவும் நகராது. உங்கள் செமஸ்டர் இதில் எங்கே விழுகிறது என்று காலண்டரில் குறித்துவிட்டுத்தான் அறிக்கைத் தேதியை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் பேசி முடித்ததும் மூன்றாம் வாரத்துக்குள் இரண்டு பக்க ஒப்பந்தக் குறிப்பு ஒன்று கையெழுத்தாக வேண்டும். கேள்வி என்ன, எதை ஆய்வு செய்ய மாட்டோம், இரு தரப்பிலும் பேச ஒரே ஒரு தொடர்பு அலுவலர் யார், போக்குவரத்துச் செலவு யாருடையது, தரவு யாருக்குச் சொந்தம், கல்லூரி அதை வெளியிடலாமா, வரைவு அறிக்கைக்குக் கருத்துச் சொல்ல எத்தனை நாள். இதில் கடைசி இரண்டில்தான் பின்னால் சண்டை வரும். "உண்மைப் பிழைகளை மட்டும் 10 நாளுக்குள் சுட்டிக்காட்டலாம், முடிவுகளை மாற்றக் கோர முடியாது" என்ற ஒரு வரி கட்டாயம் வேண்டும். தொண்டு நிறுவனத்துக்குத் தன் பணி வெற்றி என்று எழுதவேண்டிய தேவை இருக்கும்; நகராட்சிக்குத் தன் பெயர் கெடாமல் இருக்கவேண்டும். இரண்டுமே இயல்பு. அந்த வரி எழுத்தில் இருந்தால் யாரும் யாரையும் சங்கடப்படுத்த வேண்டியதில்லை. நிறுவனத்தின் பணம் வெளிநாட்டு நன்கொடை என்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கச் சட்டம் தடை சொல்கிறது. கல்லூரிக் கணக்குக்கு வரும் என்று நம்பியிருந்த தொகை பாதியில் நின்றால் களப்பணியும் நின்றுவிடும்.

அமெரிக்கப் பொதுக்கொள்கைப் பள்ளிகளில் இப்படி நிஜமான கிளையண்டுக்கு எழுதுவது ஊறிப்போன வழக்கம். ஹார்வர்டு கென்னடி பள்ளியின் முதுகலை இரண்டாமாண்டு மாணவர்கள் அப்படித்தான் தங்கள் இறுதி ஆய்வை எழுதுகிறார்கள். அங்கும் இங்கும் தொல்லை ஒன்றுதான்: மதிப்பெண் போடுகிறவர் ஒருவர், பயன்படுத்துகிறவர் வேறொருவர். ஆசிரியருக்கு முறையியல் வேண்டும், ஆணையருக்கு விடை வேண்டும். முறையியலை முழுதாகப் பின்னிணைப்பில் வையுங்கள். இருவருக்கும் ஒரே ஆவணம் போதும்.

இனி எத்தனை பேரைக் கேட்பது என்பது. அதற்கு முன்னால் மொத்தம் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும், அது யாரிடமும் முழுதாக இருக்காது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வொரு நகர உள்ளாட்சியும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். அந்தப் பட்டியலை முதலில் கேளுங்கள். அடுத்தது மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பட்டியல். மூன்றாவது கத்தோலிக்கப் பங்குகளில் அன்பிய (பங்குக்குள் இருக்கும் சிறு குடும்பக் குழு) வாரியாக இருக்கும் குடும்பக் கணக்கு. கொச்சியில் இருக்கும் மத்திய கடல்சார் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் 2010, 2016 கடல் மீனவர் கணக்கெடுப்புகள் அளவைத் தோராயமாகச் சரிபார்க்க உதவும், பெயர் கிடைக்காது.

ஒவ்வொரு பட்டியலும் யாரையோ விட்டுவிடும். பங்குக் கணக்கில் கிறிஸ்தவர் அல்லாதவர் வரமாட்டார்; குளச்சல் பல சமூகத்தார் கலந்து வாழும் ஊர். சங்கப் பட்டியலில் சந்தா கட்டாதவர் இல்லை. சந்தைப் பட்டியலில் வீடு வீடாகத் தலைச்சுமையாய் விற்பவர் இல்லை, உண்மையில் மிக வறியவர் அவர்தான். எனவே இரண்டு பட்டியலையாவது இணைக்க வேண்டும். இணைக்கும்போது ஒரே தெருவில் நான்கு மேரி இருப்பார்கள். பெயரோடு கணவர் அல்லது தந்தை பெயர், வீட்டுப் பெயர், கைபேசியின் கடைசி நான்கு எண் மூன்றையும் வைத்துப் பொருத்துங்கள்.

இணைத்ததில் ஒரு லாபம் உண்டு. எடுத்துக்காட்டாக முதல் பட்டியலில் 200 பேர், இரண்டாவதில் 150 பேர், இரண்டிலும் இருப்பவர் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஏறக்குறைய 200 × 150 ÷ 60, அதாவது 500 பேர். காட்டில் விலங்கு எண்ணுகிறவர்கள் பயன்படுத்தும் அதே கணக்கு. இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று சாராமல் உருவாகியிருந்தால்தான் இது செல்லும். சங்கத்தில் இருப்பவர்களையே நகராட்சியும் எழுதியிருந்தால் இரண்டிலும் வரும் பெயர்கள் கூடிவிடும், மொத்தம் குறைவாக வரும். ஆகவே பட்டியல் எப்படித் தயாரானது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

500 பேர் என்றால் மாதிரி எவ்வளவு? 95 விழுக்காடு நம்பகம், 5 விழுக்காடு பிழைவரம்பு என்ற வழக்கமான அளவுக்குப் பெரிய மக்கள்தொகையில் 385 பேர் வேண்டும். மொத்தமே 500 என்பதால் அது 218 ஆகக் குறையும். வீட்டில் இல்லாதவர், மறுப்பவர் 15 விழுக்காடு என்று பிடித்தால் பட்டியலிலிருந்து 257 பெயரைக் குலுக்கி எடுங்கள். ஒருவர் ஒரு நாளில் ஆறு பேட்டிக்கு மேல் நன்றாகச் செய்ய முடியாது. நான்கு பேர், நாளுக்கு 24 பேட்டி, பத்து நாள். 16 வாரத்தில் இது வசதியாக அடங்கும்.

பட்டியலே கிடைக்கவில்லை, சந்தை சந்தையாகப் போய் 20 பேரைக் கேட்கப் போகிறோம் என்றால் கணக்கு மாறும். ஒரே சந்தையில் உட்காருகிறவர்கள் ஒரே தீர்வை, ஒரே பஸ், ஒரே வட்டிக்காரர் என்று ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒப்புமை (0 என்றால் ஒப்புமையே இல்லை, 1 என்றால் எல்லோரும் ஒரே மாதிரி) 0.05 அளவுக்குச் சின்னதாக இருந்தாலும், சந்தைக்கு 20 பேர் வீதம் 400 பேரைக் கேட்பது தனித்தனியாகக் குலுக்கி எடுத்த 205 பேருக்குத்தான் சமம். சந்தைக்குப் 10 பேர் வீதம் இரட்டிப்பு இடங்களில் கேட்டால் அதே 400 பேர் 276 பேருக்குச் சமம். இடத்தைக் கூட்டுங்கள், ஓரிடத்தில் ஆளைக் கூட்டாதீர்கள்.

இங்கே குமரி மாவட்டத்துக்கே உரிய ஒரு பொறியைச் சொல்லியாக வேண்டும், வேறு தலைப்பில் ஆய்வு செய்பவர்களுக்கும் உதவும். 2011 கணக்கெடுப்பில் இம்மாவட்ட மக்கள் 18,70,374 பேரில் 82 விழுக்காட்டுக்கு மேல் நகர்ப்புறம் என்று பதிவானவர்கள். ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கும் வீடும் தென்னந்தோப்பு வீடும் பேரூராட்சிக்குள் வரலாம். "கிராமப்புறக் குமரி" என்று சொல்லி 95 ஊராட்சிகளிலிருந்து மட்டும் மாதிரி எடுத்தால் மாவட்டத்தின் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். ஊரக வேலைத்திட்டம் போன்றவற்றின் பயனாளிப் பட்டியலை அடிப்படையாக வைத்தாலும் இதே கதிதான். மாறாக நம் மீன் விற்கும் பெண்களுக்கு இந்த விசித்திரம் சாதகமாகிறது: தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர உள்ளாட்சிகளுக்கானது என்பதால் கருங்கலும் திங்கள்நகரும் அதன் வரம்புக்குள் வந்துவிடுகின்றன. அந்தச் சட்டம் அமைக்கச் சொல்லும் விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்கள் ஐந்து உள்ளாட்சியிலும் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது, மீன் விற்கும் பெண் ஒருவராவது அதில் இருக்கிறாரா என்று பாருங்கள். இது ஒரு நாள் வேலை, ஆனால் அறிக்கையிலேயே கனமான பக்கம் இதுவாக அமையலாம்.

வீட்டுக் கணக்கெடுப்பு என்றால் இன்னொன்று. பாடப்புத்தகம் சொல்வது, ஒரு முனையில் நின்று வலப்பக்கம் நடந்து ஐந்தாவது வீட்டைத் தட்டு என்று. கடலோரத் தெருக்களில் அது நடக்கும். விளவங்கோடு, கல்குளம் வட்டங்களின் உள்பகுதியில் நடக்காது. ஒவ்வொரு வீடும் தன் விளைக்குள் (தோட்டத்துக்குள்) தனியாக நிற்கும், வழி ரப்பர் மரங்களுக்குள் போய் முடிந்துவிடும், அடுத்த வீடு மேட்டுக்கு மேலே இருக்கும். மாணவர்கள் தார்ச்சாலை ஓரத்து வீடுகளையே தட்டிவிட்டுத் திரும்புவார்கள். சாலை ஓரத்தில் வசதியானவர்கள் இருப்பதால் முடிவும் வசதியாகவே வரும். அங்கே வாக்குச்சாவடி வாரியான வாக்காளர் பட்டியலிலிருந்தோ, அங்கன்வாடிப் பணியாளரின் குடும்பப் பதிவேட்டிலிருந்தோ குலுக்கி எடுத்து, அந்த வீட்டைத் தேடிப் போவதுதான் வழி. நேரம் இருமடங்கு பிடிக்கும். அந்த நேரத்தை முதலிலேயே ஒதுக்குங்கள்.

எப்போது போவது? விடியற்காலை ஏல நேரத்தில் போய்க் கேள்வித்தாளை நீட்டினால் எந்த அம்மாவும் எரிச்சல்படுவார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவர் அன்றைய பணத்தைப் பந்தயம் வைக்கிறார். விற்கும் நேரத்திலும் கேட்கக்கூடாது. உங்களுக்கு அரைமணி பதில் சொன்னால் அவருக்கு நான்கு வாடிக்கை போகும். மாலை வீட்டிலோ, ஞாயிறு திருப்பலி முடிந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகோ நல்ல நேரம். பங்குத் திருவிழா நாட்களையும், டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவை ஒட்டிய நாட்களையும் தவிருங்கள்.

பருவமும் எண்ணை மாற்றும். விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் ஒரே மாவட்டத்தில் பொருந்துவது குமரியில்தான். சின்னமுட்டத்துக்கு முதலாவது, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக்கு இரண்டாவது. ஜூன் முதல் இரண்டு வாரம் இரு பக்கமும் விசைப்படகு கிடையாது. வள்ளக்காரர் (சிறு படகில் மீன் பிடிப்பவர்) கொண்டுவரும் சாளையும் நெத்தோலியும் மட்டும் கரைக்கு வரும், விலை ஏறும், சிலர் வெளியூர் ஐஸ் மீனை வாங்கி விற்பார்கள். அந்த நாளில் எடுத்த வருமானத்தை 12 ஆல் பெருக்கி ஆண்டு வருமானம் என்று எழுதுவது பெரிய தவறு. ஜனவரி முதல் மார்ச் வரை களப்பணி முடிகிறதா என்று பாருங்கள். முடியாது என்றால் எந்த மாதத்துக் கணக்கு என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வித்தாள். "உங்கள் மாத வருமானம் எவ்வளவு?" என்ற கேள்வியை அடித்துவிடுங்கள். அவர் மாதக் கணக்கில் வாழவில்லை. "வருமானம்" என்றால் சிலர் விற்ற பணத்தைச் சொல்வார், சிலர் கையில் நின்றதைச் சொல்வார், சிலர் உதவித்தொகை நின்றுவிடுமோ என்று குறைத்துச் சொல்வார். அவர் சொல் "மிச்சம்". நேற்றைய நாளை ஏலத்திலிருந்து வீடு திரும்பும்வரை நடந்தபடியே கேளுங்கள். நேற்று எந்த மீன் எடுத்தீங்க, எவ்வளவுக்கு எடுத்தீங்க, அந்தப் பணம் கைப்பணமா கடனா, எதில் போனீங்க, ஐஸுக்கு எவ்வளவு, சந்தையில் எவ்வளவு வாங்கினாங்க, சீட்டு கொடுத்தாங்களா, எவ்வளவுக்கு விற்றீங்க, மீந்ததை என்ன செஞ்சீங்க.

ஒரு மாதிரிக் கணக்கு, எண்கள் விளக்கத்துக்காக மட்டும்: 3,000 ரூபாய்க்கு எடுத்து 3,700க்கு விற்றால் 700. ஆட்டோவில் பங்கு 80, ஐஸ் 50, தீர்வை 40 போனால் 530. முதலாகப் போட்ட 3,000 கடன், நூற்றுக்கு மூன்று ரூபாய் தினவட்டி என்றால் 90 போய் 440. இந்த ஒரு பெண்ணுக்கு வட்டிதான் தீர்வையைவிட இருமடங்குக்கு மேல் தின்கிறது. தீர்வையை முழுதாக ரத்து செய்தாலும் 40 ரூபாய்தான் மிஞ்சும். குறைந்த வட்டிக் கடன் கிடைத்தால் அதைவிடக் கூடுதலாக மிஞ்சும். இப்படி 218 பேரின் ஒரு நாளைப் பிரித்துக் காட்டினால் எந்த நடவடிக்கைக்கு எவ்வளவு பலன் என்று தானே தெரியும். "திருப்தியா, மிகத் திருப்தியா" என்ற ஐந்து கட்டக் கேள்விகள் எதையும் தீர்மானிக்க உதவாது.

பேட்டி 30 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. முதலில் 15 பேரிடம் சோதித்துப் பாருங்கள். அந்த 15ஐ மாதிரியில் சேர்க்காதீர்கள். கோபோ டூல்பாக்ஸில் (கைபேசியில் கேள்வித்தாளை நிரப்ப உதவும் செயலி) படிவம் ஏற்றினால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், இரவு அறைக்கு வந்ததும் அனுப்பலாம். விற்ற தொகை எடுத்த தொகையில் பாதிக்குக் கீழ் வந்தால் எச்சரிக்கை காட்டும்படி வையுங்கள்; பூஜ்யம் ஒன்று விட்டுப்போவது அடிக்கடி நடக்கும். 218இல் 22 பேரை வேறொரு மாணவர் மறுநாள் பார்த்து நான்கு கேள்வி மட்டும் மறுபடி கேட்க வேண்டும். இது நண்பனைச் சந்தேகப்படுவதல்ல; கேள்வியே தெளிவில்லை என்றாலும் இதில்தான் பிடிபடும்.

யாரோடு போகிறீர்கள் என்பதும் பதிலை மாற்றும். தொண்டு நிறுவன ஊழியர் பக்கத்தில் நின்றால் அந்த நிறுவனத்தின் கடன் திட்டம் அருமை என்பார்கள். நகராட்சி ஆள் நின்றால் கடை ஒதுக்கப்போகிறார்கள் என்று எண்ணி, இருக்கும் வசதியையும் இல்லை என்பார்கள். அறிமுகத்துக்கு மட்டும் அவர்கள் வரட்டும், பேட்டிக்கு முன் விலகட்டும். கூடுமானவரை மாணவிகள் பேட்டி எடுக்கட்டும். முதல் வார்த்தை தெளிவாக இருக்கட்டும்: "அம்மா, நாங்க காலேஜில இருந்து வாறோம். இது கடை கொடுக்கதுக்கான கணக்கு இல்ல, பணம் வரும்னும் இல்ல. உங்க பேரு எதிலயும் வராது. வேண்டாம்னா விட்டிரலாம், பாதியில நிறுத்தினாலும் குழப்பமில்ல." இதைச் சொன்னதும் சிலர் எழுந்து போவார்கள். போகட்டும், மீதிப் பேர் சொல்வது உண்மையாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. களப்பணி முடிந்ததும் கிளையண்ட் "யார் யாருக்குக் கடன் இருக்கிறது, பெயர்ப் பட்டியல் கொடுங்கள், உதவி செய்யலாம்" என்பார். நல்ல மனத்தோடுதான் கேட்பார். கொடுக்கக்கூடாது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கும் புள்ளியியலுக்கும் தரும் விலக்கு, அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட ஒரு நபரைப் பற்றி முடிவெடுக்காதவரை மட்டுமே. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பெயர் வராது என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

பேட்டியில் வராத தகவலை அலுவலகங்களில் தேட வேண்டும். குத்தகை ஏலத் தொகை, நிபந்தனை, நிர்ணயித்த தீர்வை விகிதம் மூன்றையும் நகராட்சி கிளையண்டாக இருப்பதால் கேட்டே வாங்கிவிடலாம். மற்ற உள்ளாட்சிகளில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள், வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு மேலும் 30 நாள். நான்காம் வாரத்துக்குள் போடாத மனு உங்கள் ஆய்வுக்கு உதவாது. "தீர்வை பற்றிய விவரம்" என்று பொதுவாகக் கேட்காமல் "இன்ன நிதியாண்டு, இன்ன சந்தை, குத்தகை நிபந்தனையின் நகல்" என்று கேளுங்கள். அந்த விகிதத்தையும், பெண்கள் கொடுத்ததாகச் சொன்ன தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொடுப்பது விகிதத்தைவிட அதிகம் என்றால், நோய் இருப்பது விகிதத்தில் அல்ல, வசூலில். அதற்கு மருந்து கட்டணப் பலகையும் அச்சிட்ட சீட்டும், செலவு மிகக் குறைவு. குறைப்பு கேட்டுத் தீர்மானம் போட்டுக் குத்தகை வருவாயை இழப்பதைவிட இது எளிது.

பேருந்துக்குப் பேட்டி வேண்டாம், கண் போதும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே தடை கட்டணத்தில் இல்லை, ஏற்றுவதில்தான் இருக்கிறது. மூன்று வேலை நாள், காலை 6 முதல் 9 வரை நிறுத்தத்தில் நின்று, வந்த பேருந்து எத்தனை, நின்றது எத்தனை, கூடையோடு நின்றவர்களில் ஏறியவர் எத்தனை என்று நேரத்தோடு எழுதுங்கள். அந்த ஒரு பக்கம்தான் போக்குவரத்துக் கழகத்துக்குப் போகவேண்டிய கடிதம். நடத்துநர் பெயரோ வண்டி எண்ணோ வேண்டாம். ஒருவரைத் தண்டிப்பதில் விஷயம் முடிந்துபோகும், காலை நேரத்தில் கூடை வைக்க இடமுள்ள ஒரு நடை கூடுதலாக வராது.

பரிந்துரைக்கு முன் மாற்று வழிகளை ஒப்பிடுங்கள். இப்போதிருப்பது அப்படியே தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதும் ஒரு வழி. அதை விட்டுவிட்டால் மற்றவை எல்லாம் அழகாகத் தெரியும். ஒவ்வொன்றையும் நாள் மிச்சத்தில் எவ்வளவு கூடும், நகராட்சிக்கு என்ன செலவு, எந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேராது, யார் எதிர்ப்பார் என்று பாருங்கள். ஐஸ் பெட்டி கொடுப்பது கேட்க நன்றாக இருக்கும். ஐஸும் மீனும் நிறைந்த பெட்டியைத் தலையில் தூக்க முடியாது, பஸ்ஸிலும் ஏற்ற முடியாது. சந்தையில் பூட்டி வைக்க அறை இல்லை என்றால் ஒரு வாரத்தில் பெட்டி வீட்டில் அரிசி போட்டு வைக்கப் போய்விடும். அப்படியானால் பரிந்துரை பெட்டி அல்ல, சந்தையில் பூட்டும் அறை. பெட்டி அதற்குப் பிறகு. கட்டடம் கட்டினால் வேலை நடக்கும் மாதங்களில் பெண்கள் எங்கே உட்காருவார்கள், முடிந்த பிறகு கடை யாருக்கு ஏலம் போகும் என்பதையும் எழுதுங்கள். புதுக் கட்டடத்தில் முன்பு தரையில் உட்கார்ந்தவருக்கு இடமே இல்லாமல் போகும் ஆபத்து இருக்கிறது. கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும் முன் வியாபாரியை அப்புறப்படுத்தக்கூடாது என்று 2014 சட்டமே சொல்கிறது.

ஒவ்வொரு பரிந்துரையிலும் நான்கு விவரம் இல்லை என்றால் அதை எடுத்துவிடுங்கள்: யார் செய்வது, எந்த அதிகாரத்தில், எந்தப் பணத்தில், எந்த மாதத்துக்குள். "விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்", "அரசு கவனம் செலுத்த வேண்டும்" என்ற வரிகள் இந்தச் சோதனையில் தாமாகவே உதிர்ந்துவிடும். "சுகாதாரப் பிரிவு, நகர்மன்றத் தீர்மானத்தின் பேரில், பொது நிதியிலிருந்து, குத்தகை ஏல அறிவிப்புக்கு முன் கட்டணப் பலகை வைப்பது" என்பது நிற்கும். கட்டுமானம் என்றால் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியும் ஒரு வழி. ஆண்டுக்கு ஒரு தொகுதிக்கு 3 கோடி ரூபாய்.

அறிக்கை தமிழில் இருக்கட்டும். நகராட்சியில் கோப்புக் குறிப்பு தமிழில்தான் எழுதப்படுகிறது. உங்கள் ஆங்கில வரியை அங்கே ஒருவர் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் கோப்பு அன்றோடு நின்றுவிடும். முதலில் இரண்டு பக்கக் குறிப்பு, அதற்குப் பின் 25 பக்க அறிக்கை, மற்றவை பின்னிணைப்பில். குறிப்பின் முதல் பத்தியை அப்படியே எடுத்துத் தீர்மான வரைவில் ஒட்டலாம் என்கிற மாதிரி எழுதுங்கள். விளக்கக் கூட்டத்துக்கு 12 நிமிடம் போதும், மீதி நேரம் கேள்விக்கு. கூட்டத்துக்கு முந்தைய வாரமே சுகாதார ஆய்வாளரையும் வருவாய்ப் பிரிவில் குத்தகைக் கோப்பு வைத்திருப்பவரையும் தனியாகப் பார்த்து எண்களைக் காட்டிவிடுங்கள். ஆணையர் முன்னால் முதல்முறை கேட்டால் அவர்கள் மறுத்தே பேசுவார்கள். முன்பே பார்த்திருந்தால் அவர்களே திருத்தம் சொல்வார்கள், பெரும்பாலும் சரியான திருத்தமாக இருக்கும்.

கடைசி வாரத்தில் ஒரு ஞாயிறு பிற்பகலை ஒதுக்கி வையுங்கள். ஒரு பக்கத் தமிழ்த் தாளில் பெரிய எழுத்தில் நான்கே எண்: ஒரு நாள் சராசரி மிச்சம், வட்டிக்குப் போவது, தீர்வைக்குப் போவது, நிர்ணயித்த தீர்வை எவ்வளவு. கூடியிருப்பவர்களிடம் அதை வாசித்துக் காட்டுங்கள். "இது சரியில்ல மக்களே" என்று யாராவது சொன்னால் அதையும் எழுதி இறுதி அறிக்கையில் சேருங்கள். நிர்ணயித்த தீர்வை அந்தத் தாளில் இருப்பதால் திங்கட்கிழமையே சீட்டுக் கேட்கத் தொடங்குவார்கள். கிளையண்டுக்கு அது திடீரென்று தெரியவேண்டாம், முந்தின வெள்ளிக்கிழமை சொல்லிவிடுங்கள். பெயரும் கைபேசி எண்ணும் இருக்கும் கோப்பைத் தனியாகப் பூட்டி வைத்து, மதிப்பெண் வந்ததும் நான்கு பேர் கணினியிலிருந்தும் அழித்து, அழித்த தேதியை இரு கிளையண்டுக்கும் எழுத்தில் கொடுங்கள்.